கொறங்காட்டில் குழி தோண்டாதீர்கள்: மரம் நடும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மரம் நடும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்குச் சமூகப் பொறுப்பு நிதி கொடுக்கும் நிறுவனங்களுக்கும், நடுவதற்கு இடம் ஒதுக்கும் அதிகாரிகளுக்கும்:

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் தரிசு என்று பட்டியலிட்ட பூமிகளில் வருகிற ஜூன் மாதம் மரக்கன்று நடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அந்தப் பூமிகளில் பெரும்பாலானவை கொறங்காடு, அதாவது உயிர்வேலி கட்டி மாடும் ஆடும் மேய வளர்த்து வரும் மேய்ச்சல் காடு. மிச்சம் கொறங்காட்டை ஒட்டிய மேய்ச்சல் புறம்போக்கு. அங்கே நட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்த மடல். மரமே வேண்டாம் என்கிற கூட்டம் என்று எங்களைத் தள்ளிவிடாமல் கடைசிவரை படியுங்கள். எங்கே, எப்போது, எந்த மரத்தை நடலாம் என்பதையும் எழுதியிருக்கிறோம்.

கொறங்காட்டைச் சித்திரை மாதத்து மதியத்தில் காரில் போகிறபோது பார்த்தால் காய்ந்த பொட்டலாகத்தான் தெரியும். உள்ளே இறங்கினால் மூன்று அடுக்கு இருக்கிறது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. தரையில் கொழுக்கட்டைப் புல்லும், அதன் குத்துகளுக்கு நடுவே நரிப்பயறு, செப்புநெருஞ்சி மாதிரி மண்ணுக்குத் தழைச்சத்து தரும் சிறு செடிகளும். தலைக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல். ஒரே பட்டாவில் இருக்கும் பூமியையும் மூன்று நான்கு துண்டாக உள்வேலி போட்டுப் பிரித்து, துண்டுக்கு ஒரு படல், அதாவது முள் கதவு, வைத்திருப்பார்கள். ஒன்றில் மாடும் செம்மறியும் மேயும்போது மற்றவற்றில் புல் தளிர்க்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துண்டை உழுது, எரு போட்டு, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு. இதைக் கைவிட்ட நிலம் என்று எழுதுகிறவர் படலைத் திறந்து உள்ளே போகாதவர்.

இந்த மண் செம்மண்ணும் சரளையும். ஓரடி ஒன்றரை அடிக்குக் கீழே சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கல். மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். இந்த மழைக்கும் இந்த மண்ணுக்கும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கக்கூடியது எது என்று பல தலைமுறை பார்த்துப் பொறுக்கியதுதான் மேலே சொன்ன மூன்றும். கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆளுயரத்துக்கும் கீழே போகும். மேலே காய்ந்து சருகாகிக் கிடந்தாலும் ஒரு கோடை மழைக்குப் பத்து நாளில் பச்சை கட்டும். வெள்வேல் இலை பொடி இலை. நிழல் சல்லடையாக விழுவதால் கீழே புல் சாவதில்லை. சித்திரை, வைகாசியில் தீனி அற்றுப்போகிற நேரத்தில் வேலாங்காய் உதிரும். அதைத் தின்ற மாடும் ஆடும் சாணியிலும் புழுக்கையிலும் விதையைப் போட, அடுத்த கன்று தானே முளைக்கும். நாற்றங்காலும் கிடையாது, லாரியும் கிடையாது. கிளுவையும் அப்படியே. இலை உதிர்ந்து நிற்கும் வெயில் காலத்தில் போத்து, அதாவது நடுகிற கிளை, வெட்டி, மழைக்கு முன்னால் வரப்பில் நெருக்கமாக ஊன்றிவிட்டால் முதல் ஈரத்துக்கு வேர் விடும்.

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் உருவான இனம். 2017 தை மாதம் ஜல்லிக்கட்டுக்காகக் கோவை வ.உ.சி. மைதானத்தில் ராப்பகலாக உட்கார்ந்து நாட்டு மாட்டைக் காப்போம் என்றவர்களில் பலர் இன்று உங்கள் அமைப்புகளில் இருக்கிறார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காளை வர வேண்டுமானால் அது எங்கோ மேய்ந்து வளர வேண்டும் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

இப்போது உங்கள் திட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்தடிக்குப் பத்தடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 435 குழி. குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் என்றால் ஒரு குழிக்கு மூன்றரை கன அடிக்குச் சற்றுக் குறைவான மண். ஏக்கருக்கு 1,470 கன அடி, கிட்டத்தட்ட 15 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). அது வெளியே வந்து குழி ஓரத்தில் இருக்கும் புல்லின் மேல் குவியும். அடியிலிருந்து வருவது சுக்கான் கலந்த மண். புல் விதை இருப்பது மேல்மண்ணின் ஓரிரு விரல்கடையில்தான். அது புதைந்து, சுக்கான் மேலே வந்துவிட்டால் அந்த வட்டத்தில் புல் திரும்ப வருஷக்கணக்காகும். குழி துளைக்கும் டிராக்டர் ஆகர் வைத்தால் சக்கரத் தடம் வேறு. ஒரு வருஷம் வண்டி ஓடிய தடத்தில் மண் இறுகி மழைத்தண்ணீர் இறங்காமல் ஓடும். மூன்றாம் வருஷம் கன்று தழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மகோகனி, புங்கன் எல்லாம் அடர் நிழல். வெயில் இல்லாமல் கொழுக்கட்டைப் புல் நிற்காது. ஆக, கன்று செத்தாலும் புல்லுக்கு நட்டம், பிழைத்தாலும் நட்டம்.

செத்துப்போவதுதான் அதிகம் நடக்கும், அதற்குக் காரணம் நடும் மாதம். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பது 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டை ஒட்டி ஐ.நா. குறித்த தேதி. அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மேட்டாங்காட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவது மழையைவிட அதிகமாகக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே இறங்கும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. நிழல்வலையின் கீழ் வளர்ந்து, பாலித்தீன் பைக்குள் வேர் சுருண்ட ஓரடிக் கன்றை அந்தக் காற்றில் நட்டால், இலை விடும் ஈரத்துக்கு வேர் ஈடு கொடுக்க முடியாது. பையைக் கிழிக்காமலோ, சுருண்ட அடிவேரை வெட்டாமலோ நட்டவை இரண்டு வருஷம் உயிரோடு நின்றாலும் பிற்பாடு ஒரு பலத்த காற்றுக்குச் சாயும். இந்த ஊரில் கன்று நடும் காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். இது எந்தப் பண்ணையக்காரரைக் கேட்டாலும் தெரியும். நிகழ்ச்சி ஜூனில் என்பதால் நடவும் ஜூனில் என்று வைக்கிறீர்கள்.

தண்ணீர் லாரி வைத்து ஊற்றுவோம் என்பீர்கள். 435 கன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் வாரம் இரண்டு தடவை என்றால் வாரத்துக்கு ஏக்கருக்கு 8,700 லிட்டர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆயிரம் அடிக்குக் கீழே போன பக்கத்து ஊர் போர்வெல்லிலிருந்து. ஒன்றும் ஊற்றாமல் பச்சை கட்டுகிற நிலத்தில், குடிதண்ணீருக்குப் போட்டியாக ஊற்றிக் கன்று வளர்ப்பதற்குச் சூழல் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எங்களுக்கு விளங்கவில்லை.

குறுங்காடு என்று நெருக்கி நடும் மியாவாகி முறை என்றால் கணக்கு இன்னும் மோசம். சதுர மீட்டருக்கு மூன்று கன்று, ஏக்கருக்கு 12,000. சதுர மீட்டருக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் ஊற்றினால் ஏக்கருக்கு நாளுக்கு 20,000 லிட்டர். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை. அப்படியானால் 120 நாளில் இந்த ஊரின் ஒரு வருஷ மழையை ஊற்றித் தீர்க்கிறீர்கள். அகிரா மியாவாகி ஜப்பானியத் தாவரவியலாளர். அந்த நாட்டின் சராசரி மழை 1,600 மில்லிமீட்டருக்கு மேல். அவருடைய முறையின் முதல் படியே, அந்த இடத்தில் இயல்பாக வளரக்கூடிய தாவரம் எது என்று ஆராய்வதுதான். அந்தப் படியைக் காங்கேயத்தில் ஒழுங்காகச் செய்தால் விடை வெள்வேல், கிளுவை, புல் என்று வரும். நட வேண்டிய தேவையே இராது. நெருக்கி நடுவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் படியை விட்டுவிட்டீர்கள்.

நல்ல எண்ணத்தோடு மரம் நட்டு நிலம் கெட்ட வரலாறு இங்கே புதிதல்ல. சீமைக்கருவேலை விறகுக்கும் வேலிக்கும் ஆகும், வறட்சிக்குத் தாங்கும் என்றுதான் பரப்பினார்கள். சொன்னது எல்லாம் பொய்யும் இல்லை, விறகாயிற்று, கரியாயிற்று. ஆனால் அதன் காயைத் தின்ற ஆடுமாடு விதையைச் சுமந்துபோய்ப் போட்ட இடமெல்லாம் முளைத்து, அடியில் புல் நுழையவிடாமல் அடைத்துவிட்டது. இன்று அதை அகற்ற நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருக்கிறது. அன்றைக்கு நட்டவர்களும் பசுமை என்றே சொன்னார்கள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஒரு விழுக்காட்டுக் கணக்கில் போய் முடிகிறது. நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடு வேண்டும் என்பது 1952 தேசிய வனக் கொள்கையிலிருந்து வருவது. அந்தக் கொள்கையே மலைப்பகுதிக்கு 60 விழுக்காடு, சமவெளிக்கு 20 விழுக்காடு என்று பிரித்துச் சொன்னது. 1988 கொள்கை மூன்றில் ஒரு பங்கை நாட்டின் இலக்காக வைத்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் பத்தாண்டில் 33 விழுக்காடு என்கிறது. இதில் எண்ணப்படுவது எது? இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து விழுக்காடு மர நிழல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்பது பொருட்டில்லை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு இந்தக் கணக்கில் காடாகும். வெள்வேல் சிதறி நின்று, கௌதாரியும் ஆட்காட்டியும் வானம்பாடியும் தரையில் முட்டையிடும் கொறங்காடு கணக்கில் வராது. வருவாய்த் துறையின் பயிர்க் கணக்கான அடங்கலிலும் பயிர் இல்லாத வருஷம் தரிசு என்றே ஏறுகிறது. சூரியத் தகடு போடுகிற நிறுவனங்களும் அதே பட்டியலைத்தான் வாங்கிப் போகின்றன என்பதையும் கவனியுங்கள். மரமும் தகடும் ஒரே நிலத்துக்கு வந்து நிற்பது தற்செயல் இல்லை. ஏட்டில் அந்த நிலத்துக்கு ஆள் இல்லை.

ஆள் உண்டு. பட்டாதாரர் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துவார். இலவசமாகக் கன்றும் கம்பிவேலியும் கிடைக்கிறது என்றால் சரி என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்து ஆடு மேய்ப்பவர் வேறொருவர். நீங்கள் பேசுவது முன்னவரிடம் மட்டும். கம்பிவேலிக்காகக் கிளுவையைப் பிடுங்கிய பிறகுதான் பின்னவருக்குத் தகவல் தெரிகிறது.

சூழல் இயக்கம் நம் நாட்டில் இப்படித் தொடங்கவில்லை. 1974இல் சிப்கோ இயக்கத்தில் இமயமலை ரேணி கிராமத்துப் பெண்கள் மரத்தை மறித்து நின்றது, தீவனமும் விறகும் தண்ணீரும் அந்தக் காட்டிலிருந்து வந்ததால். கொங்கில் நொய்யல் ஆற்றுக்காக வழக்காடியவர்கள் ஆயக்கட்டு விவசாயிகள். 1992இல் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டி, அதில் சாயக்கழிவு தேங்கி, கிணறும் மண்ணும் உப்பாகிப் போன பிறகு, அந்தத் தண்ணீரால் கெட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிலத்தை நம்பிப் பிழைக்கிறவர் முன்னால் நின்றார், படித்தவர்களும் வழக்கறிஞர்களும் கூட நின்றார்கள். இன்னொரு மரபும் உலகில் உண்டு: 1872இல் அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்காவை அமைத்து, அங்கே வேட்டையாடி வாழ்ந்த தொல்குடிகளை வெளியேற்றியது போல, மனிதர் இல்லாத நிலமே இயற்கை என்று நினைக்கும் மரபு. கொறங்காட்டுக்கு அந்தப் பார்வை பொருந்தவே பொருந்தாது. மேய்ச்சல் நின்றால் பழந்தாள் மூடிக் குருத்துக்கு வெளிச்சம் கிடைக்காமல் குத்து காயும். இரண்டு மூன்று மழைக்குள் சீமைக்கருவேல் புகுந்துவிடும். மாட்டை வெளியேற்றி இதைக் காப்பாற்ற முடியாது. உங்கள் அமைப்புகள் இவ்விரண்டு மரபில் எதைச் சேர்ந்தவை என்று நீங்களே முடிவு செய்யுங்கள். இதுவரை நடந்ததைப் பார்த்தால், மேய்ப்பவரை ஒரு கூட்டத்துக்குக்கூட அழைக்காத உங்கள் வழிமுறை இரண்டாவதற்கு அருகில் இருக்கிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை.

இந்த ஜூன் நடவை எங்கள் நான்கு பகுதிகளின் மேய்ச்சல் நிலங்களில் நிறுத்துங்கள். ஒரு நிலம் தரிசா கொறங்காடா என்பதைக் கோடையில் முடிவு செய்யக்கூடாது. மழை பெய்து புல் பூத்திருக்கும் கார்த்திகையில், மேய்ப்பவரையும் கால்நடை மருத்துவரையும் புல்லினம் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல் மூன்றில் இரண்டு இருந்தால் அந்தப் புல எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். வருவாய்த் துறையினர் அடங்கலில் அதை மேய்ச்சல் நிலம் என்று ஏற்றித் தர வேண்டும்.

ஒதுக்கிய பணத்தைச் சீமைக்கருவேல் அடைத்த கொறங்காடுகளை மீட்கச் செலவிடுங்கள். மேலே வெட்டிவிட்டால் நான்கு பங்காகத் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஓரடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். பொக்லைன் வைத்துப் புரட்டினால் மேல்மண் போய்விடும், ஆகவே பெரிய மரத்துக்கு மட்டும் இயந்திரம், மற்றதுக்குக் கடப்பாரையும் ஆளும். மண்ணில் கிடக்கும் விதை வருஷக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது நாற்றைக் கையால் பிடுங்குவதற்கு ஐந்து வருஷமாவது கூலி ஒதுக்குங்கள். முதல் வருஷத்தோடு பணம் நின்ற இடங்களில் எல்லாம் முள் திரும்ப வந்துவிடுகிறது. அதன் காயைத் தின்ற ஆடுமாட்டை ஒரு வாரம் கட்டுத்தரையில் தீனி போட்டு வைத்திருந்து, அப்புறம்தான் சுத்தம் செய்த துண்டுக்குள் விட வேண்டும்.

அந்த இடத்தில் புல் விதையுங்கள். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டைப் புல் விதை போதும். புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது; ஆறு முதல் எட்டு மாதம் இருப்பு வைத்ததாக இருக்க வேண்டும். விதை சுணையோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஈர மணலும் எருப்பொடியும் கலந்து தூவ வேண்டும். அரை விரல்கடைக்கு மேல் மண் மூடினால் முளை வெளியே வராது. முள்கொத்தை லேசாக இழுத்தால் போதும். முதல் வருஷம் விதை உதிரும்வரை எந்தக் கால்நடையும் உள்ளே போகக்கூடாது. அந்த ஒரு வருஷத்துக்கு மேய்ப்பவருக்குத் தீவனச் செலவைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் வேறு வழியின்றி அவர் படலைத் திறப்பார், குற்றம் அவர்மேல் போகும். விழுந்த கிளுவை வேலிக்குப் போத்துக் கூலி, துண்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, இவற்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

மரம் நடத்தான் வேண்டும் என்றால் இடம் நிறைய இருக்கிறது. இருபக்கமும் வேலி நின்ற வண்டித்தடங்களான இட்டேரிகளை அகலப்படுத்தித் தார் போட்டு இருபக்க வேலியையும் வழித்த ஊர்களில் அந்த ஓரங்கள் வெறுமனே கிடக்கின்றன. வேம்பும் ஊஞ்சையும் பனையும் அங்கே வையுங்கள். அரப்புக்கு ஆகட்டும், நுங்குக்கு ஆகட்டும், ஊர்க்காரர் தாமே காப்பார்கள். பனங்கொட்டையை ஒரு சாண் ஆழத்தில் பத்தடிக்கு ஒன்றாகப் புரட்டாசியில் ஊன்றினால் தண்ணீரே வேண்டாம். திருப்பூரிலும் பெருந்துறையிலும் கம்பெனி வளாகங்கள் மொட்டையாக நிற்கின்றன. நிதி கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சுவருக்குள்ளிருந்தே தொடங்கலாம். குளத்து நீர்ப்பரப்புக்குள் மண்திட்டுப் போட்டு நடும் வேலையை மட்டும் விட்டுவிடுங்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது வலசைப் பறவைகளின் பொருட்டு. உள்ளான்களுக்கு வேண்டியது ஆழம் குறைந்த சேற்று ஓரம்.

எத்தனை நட்டோம் என்ற எண்ணிக்கையை இனி வெளியிட வேண்டாம். மூன்றாம் வருஷ முடிவில் புல எண் வாரியாக எத்தனை உயிரோடு நிற்கிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், செத்ததற்குப் பதில் நட்டது எத்தனை என்று வெளியிடுங்கள். பதில் நடவைப் புது நடவாக எழுதுவதும் நிற்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் தேர்ந்தெடுத்த நிலங்களின் புல எண் பட்டியலை அந்தந்த ஊராட்சி அலுவலகப் பலகையில் இந்த மாதமே ஒட்டுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை வைத்து, பட்டாதாரரோடு குத்தகைக்கு மேய்ப்பவரும் பேச இடம் கொடுங்கள். சபை ஒப்புக்கொண்ட இடத்தில் ஐப்பசி மழைக்கு நடலாம். குழி தோண்ட நாங்களும் வருகிறோம். சபைக்கு முன்னால் கன்று ஏற்றிய வண்டி எதையும் எங்கள் ஊர்களுக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பகுதிக் கொறங்காட்டு உழவர்களும் மேய்ப்பவர்களும்